சிப்பாயின் காலக்கணக்கு

நமது தரைப்படையில் சிப்பாயாகச் சேருகிற ஓர் இளைஞர் எத்தனை ஆண்டு உத்தியோகத்தில் நீடிக்கலாம் என்பதை அவருடைய வயதும் தேகபலமும் நன்னடத்தையும் மட்டுமே நிர்ணயித்துவிடுவதில்லை. இம்மூன்றுக்கும் மேலாக, அவர் எந்தப் பதவி வரையில் ஏறியிருக்கிறார் என்பதே நிர்ணயிக்கிறது. அந்தப் பதவி உயர்வோ அவருடைய யோக்கியதையை மட்டும் பொறுத்ததன்று. அவருக்கு மேலே ஓர் இடம் உரிய காலத்தில் காலியாகிறதா, இல்லையா என்பதையும் பொறுத்தது. பதவிக்கு ஏற்ற காலவரம்பு என்பது ஒரு விதி. காலியிடம் இருந்தால்தான் பதவி என்பது மற்றொரு விதி. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் தக்க நியாயம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே மனிதர்மீது ஏககாலத்தில் பாயும்பொழுது, எல்லாப் பரீட்சைகளிலும் தேறி, களங்கமில்லாத பதிவேட்டோடு உயர்வுக்குக் காத்திருக்கிற ஒரு ஜவான், காத்திருந்த காரணத்துக்காகவே வீட்டுக்கு அனுப்பப்படுகிற விபரீதம் விளைகிறது. சர்க்காரின் தாமதத்தைச் சிப்பாயின் கணக்கில் பற்று எழுதுவது தர்மமாகாது என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்புவது.

பட்டாளத்தின் நடைமுறையை அறியாதவர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவிடுவது நலம். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்ற படிகளுக்குப் பிறகு, ஜே.சி.ஓ. என்று எல்லோரும் குறிப்பிடுகிற இடைநிலை அதிகாரிகளின் வரிசை தொடங்குகிறது. நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்பவை அதன் மூன்று படிகள். சிப்பாயாகவே இருந்துவிடுகிறவருக்கு ஏறத்தாழ 17 ஆண்டில் உத்தியோகம் முடிகிறது. நாயக்குக்கு 22 ஆண்டு, ஹவில்தாருக்கு 24, நாயிப் சுபேதாருக்கு 26, சுபேதாருக்கு 28 என்று வரம்பு ஏறிக்கொண்டே போகிறது. தேக ஆரோக்கியமும் நன்னடத்தையும் பரிசீலித்து, மேலும் 2 ஆண்டு நீட்டிப்புத் தருகிற வழக்கமும் உண்டு. பதினெட்டு வயதில் சேர்ந்த ஒருவர் சிப்பாயாகவே நின்றுவிட்டால் முப்பத்தைந்து வயதை ஒட்டி ஊருக்குத் திரும்புவார். நாயக் ஆகிவிட்டால் நாற்பது வரையிலும், ஹவில்தார் ஆனால் அதற்கு மேலும் சம்பளத்தில் இருப்பார். ஆகவே, ஒரு படி ஏறுவது என்பது சட்டைக் கையில் ஒரு பட்டை கூடுவதோடு நின்றுவிடுகிற காரியமன்று. குடும்பத்துக்கு ஐந்து ஆண்டுச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு படியிலே அடங்கியிருக்கின்றன.

இனி, அந்தப் படியை எப்படி ஏறுவது என்று பார்ப்போம். கல்விச் சான்றிதழ் வேண்டும். வரைபடம் வாசிக்கத் தெரிய வேண்டும். ப்ரமோஷன் கேடர் என்று வழங்குகிற பயிற்சியில் தேற வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் உயர்ந்த தகுதி இருக்க வேண்டும். தண்டனைப் பதிவேட்டில் சிவப்பு மை எழுத்து விழுந்திருக்கக் கூடாது. இவை யாவும் அந்த மனிதரின் முயற்சிக்கும் ஒழுக்கத்துக்கும் உட்பட்டவை. ஆதலால் இவற்றைக் கேட்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. இத்தனையும் பூர்த்தியான பிறகு எஞ்சி நிற்பது காலியிடம் ஒன்றுதான். காலாட்படையில் அவரவர் பட்டாலியனையும், தொழில்நுட்பப் பிரிவுகளில் அவரவர் டிரேடையும் பெரும்பாலும் பொறுத்திருக்கிற இந்தக் காலியிடம், மனித முயற்சிக்கு அடங்காத ஒரு வஸ்து. வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையத்தில் ஒரே நாளில் சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு, ஒரே அளவு திறமையோடு வெளியே வந்த இரண்டு இளைஞர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போய்ச் சேருகிற பட்டாலியனில் மூத்த ஹவில்தார்களும் நாயக்குகளும் கும்பலாக ஓய்வுபெறுகிற காலமாயிருந்தால் அவர் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மேலே போய்விடலாம். மற்றவர் சேருகிற இடத்தில் அவருக்குச் சற்று முன்னே வந்தவர்களே அத்தனை இடங்களிலும் உட்கார்ந்திருந்தால், அவருடைய முறை வருவதற்குள் அவருடைய காலம் முடிந்துவிடலாம். அலுவலக உத்தியோகஸ்தர்களுக்கும் இந்த விதிவசம் உண்டு என்பது மெய்தான். ஆனால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ப்ரமோஷன் வரவில்லையே என்று அறுபது வயது வரையில் அதே நாற்காலியில் அமர்ந்து குறைப்பட்டுக்கொள்ளலாம். சிப்பாய்க்கு அந்த நாற்காலியும் இல்லை.

ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசையில் நிறுத்திவைத்துவிட்டு, உன் முறை இன்னும் வரவில்லை, ஆகவே உன் கார்டு காலாவதியாகிவிட்டது என்று சொன்னால், எந்தக் கிராமத்து ஜனங்களும் அதைச் சும்மா விடமாட்டார்கள். ராணுவத்தில் இதே நியாயம் பேசாமல் ஏற்றுக்கொள்ளப்படுவதற்குக் காரணம், கேள்வி கேட்காமல் கட்டளைக்குப் பணிவதையே அந்த வாழ்க்கையின் முதற் பாடமாக நாம் வைத்திருப்பதுதான். கேட்கக் கூடாதவர்களின் சார்பில் கேட்கவேண்டிய கடமை, வெளியே இருக்கிற பிரஜைகளுக்கு உண்டு.

காலவரம்பு என்பதே கூடாது என்று வாதிப்பது என் நோக்கமன்று. வரம்பில்லாத படை என்ன ஆகும் என்பதற்கு நமது சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பதவி உயர்வு முற்றிலும் சேவை மூப்பை அனுசரித்தே நடந்தது. ஓய்வுக்கு நிர்ப்பந்தமான வயது இல்லை. ஆதலால் இளமையில் சேர்ந்த சிப்பாய் தலை நரைத்து, உடம்பு தளர்ந்து, போர்க்களத்துக்கு உதவாத பிராயத்திலேதான் சுபேதாராக முடிந்தது. சீதாராம் பாண்டே என்ற வங்காளப் படைச் சிப்பாயின் பெயரால் வெளிவந்துள்ள சுயசரிதத்தின்படி, 1812இல் சேர்ந்த அவர் 1860இல் சுபேதாராக வெளியேறுகிறார். அந்நூலின் உண்மைத்தன்மை பற்றி ஆராய்ச்சியாளரிடையே ஐயம் உண்டெனினும், அது காட்டுகிற நிலைமையைப் பற்றி அவ்வளவாக ஐயமில்லை. மதராஸ், பம்பாய்ப் படைகளில் தகுதிக்கும் இடம் தந்து உயர்வு அளிக்கும் முறை இருந்தது. 1857க்குப் பிறகு படைச் சீரமைப்பைப் பற்றி ஆராய்ந்த பீல் கமிஷன், மூப்பைவிடத் திறமையை அனுசரித்தே பதவி உயர்வு தரவேண்டும் என்று சிபாரிசு செய்ததில், வங்காளத்தின் இந்த அனுபவம் பேசுகிறது என்று கொள்ளலாம்.

இங்கிலாந்திலும் இதே பிரச்னை வேறொரு ரூபத்தில் எழுந்தது. ஏறக்குறைய ஆயுட்காலம் முழுவதற்கும் ஒருவனைப் படையில் சேர்த்துக்கொண்ட பழைய முறையை 1847ஆம் வருஷத்துச் சட்டம் மாற்றிப் பத்து ஆண்டாகக் குறைத்தது. 1870இல் யுத்த மந்திரி கார்டுவெல் கொண்டுவந்த சட்டம், சில ஆண்டுகள் படையிலும் எஞ்சிய ஆண்டுகள் ரிசர்விலுமாகப் பன்னிரண்டு ஆண்டு என்ற புது ஏற்பாட்டை வகுத்தது. இளமையான படை, தேவையானபோது கூப்பிடுவதற்குப் பயிற்சி பெற்ற ரிசர்வு, குறைந்த பென்ஷன் செலவு என்ற மூன்று பிரயோஜனங்களும் அந்த ஏற்பாட்டில் இருந்தன. சுதந்திர இந்தியாவும் வெகுகாலம் அந்த வழியிலேயே நடந்தது. சிப்பாய்க்கு ஏழு ஆண்டு படைச் சேவையும் அதன் பின்னர் ரிசர்வுக் காலமும் இருந்தன. 1970களில்தான் படைச் சேவை ஒரேயடியாக நீட்டப்பட்டு, பென்ஷனுக்குக் குறைந்தபட்சத் தகுதியான 15 ஆண்டைச் சிப்பாய் படையிலேயே பூர்த்தி செய்கிற நிலைமை வந்தது. ஜவானுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் கீழ்ப்படியில் இருப்பவர் அதிக காலம் தங்குகிறார் என்றால், அவரோடு போட்டியிடுகிறவர்களும் அதிக காலம் தங்குகிறார்கள் என்றே அர்த்தம். மேலே உள்ள இடங்களின் எண்ணிக்கை அதே விகிதத்தில் பெருகாதவரையில் காத்திருப்பு நீளத்தான் செய்யும்.

இந்த நெருக்கடியைச் சர்க்கார் அறியாமல் இல்லை. அறிந்து கையாண்ட பரிகாரம், பதவியைக் கொடுக்க முடியாவிட்டால் பதவியின் சம்பளத்தையாவது கொடுத்துவிடுவது என்பது. 2003இல் 10, 20 ஆண்டுகளில் சம்பள உயர்வு தருகிற ஏற்பாடு ஜவான்களுக்கு வந்தது. ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு அது திருத்தப்பட்டு, எம்.ஏ.சி.பி. என்ற பெயரில் 8, 16, 24 ஆண்டுகளில் மூன்று உயர்வுகள் என்றாயிற்று. சிவிலியன் ஊழியர்களுக்கு இது 10, 20, 30 ஆண்டுகளில் என்பதைக் கவனித்தால், ஜவானின் குறுகிய சேவைக்காலத்தை உத்தேசித்தே இந்தச் சலுகை அளிக்கப்பட்டது என்பது விளங்கும். இந்தச் சலுகை எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் போய், 2017 டிசம்பரில் 2006 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்தே செல்லும் என்று தீர்ப்பாகியது. எட்டு ஆண்டு முடித்த சிப்பாய் நாயக்கின் சம்பள மட்டத்தையும், பதினாறு ஆண்டு முடித்தவர் ஹவில்தாரின் மட்டத்தையும் அடைகிறார். ஏழாவது சம்பளக் கமிஷனின் அட்டவணைப்படி சிப்பாயின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், நாயக்குக்கு 25,500, ஹவில்தாருக்கு 29,200 என்பதைப் பார்க்கும்போது, இது அற்பமான உதவி அன்று.

ஆயினும் இதன் குறைபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. பதினாறாம் ஆண்டில் ஹவில்தாரின் சம்பளத்தைத் தொடுகிற சிப்பாய், சிப்பாய்க்குரிய காலவரம்பிலேயே வெளியேறுகிறார். சம்பளக் கணக்கில் அவர் ஹவில்தாருக்குச் சமானம். காலக் கணக்கில் அவர் இன்னும் சிப்பாய். ஒரு ஹவில்தாரின் ஊதியத்துக்கு அவர் தகுதியானவர் என்று கருவூலம் ஒப்புக்கொள்கிறது. அவர் இன்னும் ஐந்து ஆண்டு படையில் இருக்கத் தகுதியானவர் என்பதை மட்டும் விதி ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஒருவருடைய அனுபவத்தின் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று பணத்தால் அங்கீகரித்த மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அவரை அனுப்பிவைப்பதில், சிக்கனம் என்ற நோக்கில் பார்த்தாலும் என்ன விவேகம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஒப்புநோக்கு அவசியமாகிறது. அதிகாரிகளின் வரிசையிலும் இதே மாதிரியான தேக்கம் இருந்தது. கேப்டன்களும் மேஜர்களும் நெடுங்காலம் காத்திருந்து சோர்ந்துபோனார்கள். அதை ஆராய அஜய் விக்ரம் சிங் கமிட்டி அமைக்கப்பட்டு, அதன் சிபாரிசின் முதற் பகுதி 2004 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன்படி 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் என்று, காலியிடத்தைப் பாராமல் காலத்தை மட்டுமே அனுசரித்து, உரிய தகுதி உள்ளவர்களுக்கெல்லாம் பதவியே வழங்கப்படுகிறது. நல்ல சீர்திருத்தம் அது. அதனால் படை குலைந்துவிடவில்லை. அதிகாரிக்குக் காலத்தை அனுசரித்துப் பதவி, ஜவானுக்குக் காலத்தை அனுசரித்துச் சம்பளம் மட்டும் என்ற இந்தப் பேதத்துக்கு, சிப்பாய்களின் எண்ணிக்கை மிக அதிகம், எல்லோரையும் நாயக் ஆக்கிவிட்டால் உத்தரவுக்குக் கீழ்ப்படிய யார் இருப்பார்கள் என்ற சமாதானம் சொல்லப்படலாம். அதில் உண்மை உண்டு. ஒரு செக்‌ஷனை நடத்த ஒரு தலைவர் போதும், பத்துத் தலைவர்கள் வேண்டியதில்லை. ஆனால் நான் கேட்பது பத்துப் பேருக்கும் தலைமை அன்று. தகுதி பெற்றுக் காத்திருப்பவரின் கடிகாரத்தை, அவர் காத்திருக்கிற காலத்துக்கு மட்டும் நிறுத்திவையுங்கள் என்பதே.

தேக்கத்தைப் போக்குவதற்கு நேரான வழி ஒன்று உண்டு. அது மேற்பதவிகளின் எண்ணிக்கையைக் காலத்துக்குக் காலம் பரிசீலிப்பது. நவீன ஆயுதங்களும் தொடர்புச் சாதனங்களும் பெருகிய படையில், பொறுப்போடு ஒரு கருவியை இயக்குகிற நாயக்கும் ஹவில்தாரும் அதிகமாகத் தேவைப்படுகிறார்கள் என்பது எந்தத் தளபதிக்கும் தெரிந்த விஷயம். இருந்தும், ஜே.சி.ஓ.க்களுக்கும் ஜவான்களுக்குமான இந்தப் பரிசீலனை 1984இல் நடந்த பிறகு மறுபடியும் முடிவுக்கு வந்தது 2017இல்தான். அந்த முடிவின்படி ஏறக்குறைய 1,45,000 பதவிகள், ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக, உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது: சுபேதார் மேஜர் 479, சுபேதார் 7,769, நாயிப் சுபேதார் 13,466, ஹவில்தார் 58,493, நாயக் 64,930. இந்தத் தொகைகளை வாசிக்கிற எவரும் முதலில் மகிழ்ச்சியடைவார். சற்று நிதானித்தால் துக்கம்தான் மிஞ்சும். 2017இல் இத்தனை நாயக்குகளும் ஹவில்தார்களும் அவசியம் என்று தெரிந்தது என்றால், அந்த அவசியம் ஒரே இரவில் பிறந்திராது. இடையில் கழிந்த முப்பத்துமூன்று ஆண்டுகளில், அந்தப் பதவிகள் உண்டாகாத காரணத்தால் சிப்பாயாகவே வெளியேறியவர்கள் இருந்தே இருப்பார்கள். அவர்கள் போன பிறகு வந்த நியாயம் அவர்களுக்கு எட்டாது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போலப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதையே மரபாகக் கொண்ட ஊர்களில், முப்பத்தைந்து வயதில் பென்ஷன் புத்தகத்தோடு திரும்பி, ஏ.டி.எம். வாசலிலும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டிலும் காவல் நிற்கப் போகிறவர்களைத் தேடிக்கொண்டு அலையவேண்டியதில்லை.

பிற தேசங்களின் அனுபவம் என்ன சொல்கிறது? மேலே போ, இல்லையேல் வெளியே போ என்ற கொள்கையை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது அமெரிக்கா. ஒவ்வொரு பதவிக்கும் இத்தனை ஆண்டு என்று வரம்பு கட்டி, அதற்குள் உயராதவர்களை அங்கே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த வரம்பின் நடத்தையைக் கவனிக்கவேண்டும். அமெரிக்க விமானப்படையில் சீனியர் ஏர்மேன் என்ற இளநிலைப் பதவியாளருக்கு இருந்த 10 ஆண்டு வரம்பை, ஆட்குறைப்பு நடந்த 2013இல் 8 ஆண்டாகக் குறைத்தார்கள். ஸ்டாஃப் சார்ஜெண்டுக்கு 20 ஆண்டாக இருந்ததை 15 ஆக்கினார்கள். அனுபவசாலிகள் போதவில்லை என்று தெரிந்தவுடன் 2019இல் இரண்டையும் பழையபடி 10ஆகவும் 20ஆகவும் மாற்றிவிட்டார்கள். கடற்படையோ புதிதாகச் சேருபவர்கள் குறைந்துபோன நெருக்கடியில், 2023 மார்ச் முதல் இந்த வரம்பைப் பரீட்சார்த்தமாகத் தளர்த்தி, வரம்பைத் தாண்டியவர்களும் இன்னின்ன இடங்களுக்குப் போகச் சம்மதித்தால் நீடிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இதிலிருந்து அறியவேண்டியது ஒன்று: ஓர் இளநிலை வீரர் எத்தனை ஆண்டில் பயனற்றவராகிறார் என்பது வைத்திய சாஸ்திரமோ யுத்த சாஸ்திரமோ கண்டுபிடித்த உண்மையன்று, அன்றைய தேவைக்கும் பட்ஜெட்டுக்கும் ஏற்பச் சுருங்கி விரிகிற நிர்வாக ஏற்பாடு. ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், சிப்பாயின் சௌகரியத்தை உத்தேசித்தும் அதை ஒருமுறை விரிக்கலாம் அல்லவா?

இதற்கு எதிராக இரண்டு ஆட்சேபங்கள் பலமாக எழும் என்பதை அறிவேன். முதலாவது, பணம். 2022-23ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய ஏறத்தாழ 5.25 லட்சம் கோடி ரூபாயில், பென்ஷனுக்கு மட்டும் ஏறத்தாழ 1.19 லட்சம் கோடி போயிற்று. இந்தச் சுமையைக் குறைப்பதே சர்க்காரின் கவலை. ஆனால் தகுதி பெற்ற சிப்பாயை ஓரிரு ஆண்டு கூடுதலாக வைத்துக்கொள்வதால் பென்ஷன் தொடங்குகிற தேதி தள்ளிப்போகிறது. அவருக்குப் பதிலாக ஒருவரைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிற செலவும் தள்ளிப்போகிறது. அவருக்குக் கொடுக்கிற உயர்ந்த சம்பளமோ எம்.ஏ.சி.பி. மூலமாக ஏற்கெனவே கொடுக்கப்பட்டு வருவது. முழுக் கணக்கையும் போட்டால் நஷ்டம் சொற்பமாகவே இருக்கும் என்பது என் அபிப்பிராயம். கணக்கு வேறுவிதமாயிருந்தால் பாதுகாப்பு இலாகா அதை வெளியிட்டு விவாதிக்கட்டும். இரண்டாவது ஆட்சேபம், இளமை. பதினாறாயிரம் அடி உயரத்தில் காவல் நிற்பதற்கு இருபதுகளில் இருப்பவரே தக்கவர் என்பதை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் நாயக்காகவோ ஹவில்தாராகவோ நாற்பது வயதில் அதே மலையில் நிற்பவரை நாம் மூப்படைந்தவர் என்று அனுப்பிவிடுவதில்லை. அவரை விட ஐந்து வயது இளையவரான சிப்பாயை மட்டும் இளமை போய்விட்டது என்று அனுப்புவதற்கு, இளமை உண்மைக் காரணமாக இருக்கமுடியாது.

உண்மையில், படையை இளமையாக வைத்துக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த ஆலோசனை கால் நூற்றாண்டுக்கு முன்பே சர்க்காரின் கையில் கொடுக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, தேசப் பாதுகாப்புச் சிந்தனையில் தன்னிகரற்றவராக விளங்கிய கே. சுப்ரமணியம் தலைமை வகித்த கார்கில் மறு ஆய்வுக் கமிட்டி, 17 ஆண்டுப் படைச் சேவையை 7 முதல் 10 ஆண்டு வரையாகக் குறைத்து, அதன் பிறகு அவ்வீரர்களை மத்தியத் துணைப்படைகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான ஆறாவது சம்பளக் கமிஷனும் இதே போக்கில், ராணுவத்திலிருந்து துணைப்படைகளுக்கு நேரடி மாற்றத்தைச் சிபாரிசு செய்தது. ராணுவத்துக்கு இளமை, துணைப்படைக்குப் பயிற்சி பெற்ற ஆள், ஜவானுக்கு அறுபது வயதை ஒட்டி நீடிக்கிற உத்தியோகம் என்று மூவருக்கும் லாபமான யோசனை அது. ஆனால் பாதுகாப்பு இலாகாவும் உள்துறை இலாகாவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றதில், அந்த யோசனையின் முதற் பாதியான குறுகிய சேவைதான் பிற்காலத்தில் உயிர்பெற்றது. துணைப்படைக்கு மாற்றம் என்ற மறு பாதி முழுமையாக வரவில்லை.

உயிர்பெற்ற அந்தப் பாதிக்குத்தான் அக்னிபத் என்று பெயர். 2022 ஜூன் 14ஆம் தேதி அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டத்தின்படி அக்னிவீர் நாலு ஆண்டு பணிபுரிகிறார். அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரையில் மட்டும் மேலும் 15 ஆண்டுச் சேவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மற்றவர்கள் வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியைப் பெற்றுக்கொண்டு, பென்ஷன் இல்லாமல் வெளியேறுகிறார்கள். துணைப்படைகளில் 10 சதவிகித ஒதுக்கீடு உண்டு என்று அப்போதே உள்துறை அறிவித்தது. ஒதுக்கீடு என்பது மறுபடியும் ஒரு போட்டியே தவிர, கார்கில் கமிட்டி சொன்ன மாற்றம் ஆகாது. இந்தத் திட்டத்தை ஆதரிப்பவர்கள், வரம்பு இன்னது என்று முதல் நாளே சொல்லிவிடுகிற நேர்மை இதில் உண்டு என்பார்கள், அதை ஒப்புக்கொள்ளலாம். நிலைத்து நிற்பவர்கள் குறைவாதலால் அவர்களுக்குள் பதவி உயர்வு விரைவாகக் கிடைக்கும் என்றும் சொல்லலாம். அப்படியே நடந்தால் நல்லதுதான். ஆனால் பழைய குறை இங்கே அடியோடு மறைந்துவிடவில்லை, முன்னே வந்துவிட்டது என்பதை மறக்கக்கூடாது. பதினேழாம் ஆண்டில் காலியிடத்தின் பெயரால் நடந்தது, இப்போது நாலாம் ஆண்டில் சதவிகிதத்தின் பெயரால் நடக்கிறது. நூற்றுக்கு நாற்பது பேர் சிறந்தவர்களாயிருந்தாலும் இருபத்தைந்துக்குப் பிறகு கதவு சாத்தப்படுகிறது; அந்த மற்றப் பதினைந்து பேரின் குறை என்ன என்று கேட்டால், எண்ணிக்கை என்ற ஒரு பதிலே உண்டு.

ஆகையால் செய்யத்தக்கது என்ன? முதலாவதாக, பரீட்சைகளிலும் பயிற்சியிலும் மருத்துவத்திலும் தேறி, காலியிடம் ஒன்றுக்காக மட்டும் காத்திருக்கிற சிப்பாய்களையும் நாயக்குகளையும் தகுதிப் பட்டியல் ஒன்றில் சேர்த்து, அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவரையில், அடுத்த பதவியின் காலவரம்பு எட்டுகிற வரைக்கும், அவர்களை விடுவிக்கக் கூடாது என்று விதியைத் திருத்தவேண்டும். தேறாதவர்களுக்கும், முயலாதவர்களுக்கும், வந்த உயர்வை வேண்டாம் என்றவர்களுக்கும் இந்தப் பாதுகாப்புத் தேவையில்லை. இரண்டாவதாக, ஒவ்வொரு பட்டாலியனிலும் டிரேடிலும் மூப்பு வரிசையையும், அடுத்த ஐந்து ஆண்டில் எதிர்பார்க்கிற காலியிடங்களையும், ரெக்கார்ட் ஆபீஸ் வருஷந்தோறும் ஜவானுக்குத் தெரிவிக்கவேண்டும். தம் முறை வருமா, வராதா என்று முப்பது வயதிலேயே அறிந்த மனிதர், பரீட்சை எழுதியோ தொழில் கற்றோ தம் வருங்காலத்துக்கு ஒரு வழியைத் தேடிக்கொள்வார். மூன்றாவதாக, பதவிகளின் எண்ணிக்கையைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மறுபரிசீலனை செய்வதென்று ஆணையிலேயே எழுதிவிடவேண்டும். முப்பத்துமூன்று ஆண்டு இடைவெளி இனி ஒருபோதும் நேரக்கூடாது. நான்காவதாக, துணைப்படைகளுக்கு நேரடி மாற்றம் என்ற பழைய சிபாரிசை, அக்னிவீரர்களுக்கும் சிப்பாய்களுக்கும் சேர்த்து, இரண்டு இலாகாக்களும் ஒன்றுகூடி நிறைவேற்றவேண்டும்.

இவற்றில் முதலிரண்டுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, பெரும் பணமும் தேவையில்லை. தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு போதும். அக்னிவீரர்களின் முதல் அணிகள் நாலு ஆண்டை நிறைவு செய்வது 2026இன் இறுதியிலும் 2027இன் தொடக்கத்திலுமாகும். அவர்களில் நிலைத்து நிற்கப்போகிறவர்கள் அடுத்த பதினைந்து ஆண்டுக்குத் தங்கள் வாழ்க்கையைப் படையிடம் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அவர்களுடைய பதவி உயர்வுக்கான விதி என்ன, தாமதம் நேர்ந்தால் அதன் பொறுப்பு யாருடையது என்ற இரண்டையும் எழுத்தில் காட்டுவது சர்க்காரின் கடமை. உயிரையே கேட்கிற உரிமை பெற்ற ஒரு ஸ்தாபனம், அந்த உயிரின் ஆண்டுகளுக்குக் கணக்குச் சொல்லவும் கடமைப்பட்டதே.